ஆட்டைச் சுட்டுக் கொன்ன வருஷங்கள்ல வரைஞ்ச ஆட்டு மந்தைகள்

அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களோட ஓவியம்னு இன்டர்நெட்ல தேடினீங்கன்னா ஏறக்குறைய ஒரே மாதிரி படம்தான் திரும்பத் திரும்ப வரும். வெறும் பழுப்பு நிறப் பேப்பர், அதுல வானம் கெடையாது, நிழல் கெடையாது, கீழ ரெண்டு மூணு புல்கொத்து, ஓரமா அடுக்கடுக்கா கலர் கோடு போட்ட ஒரு பாறை, நடுவுல நீளப் பாவாடையும் வெல்வெட் சட்டையும் போட்ட ஒரு பொம்பள செம்மறி மந்தைய ஓட்டிட்டுப் போறா, பின்னால ஒரு நாய், ஒரு சின்னப் பையன் கையில குட்டியத் தூக்கிட்டு வர்றான். பாக்கறதுக்கு அவ்ளோ எதமா இருக்கும். வறட்சி இல்ல, சண்டை இல்ல, யாருக்கும் எந்த அவசரமும் இல்ல.

இந்த ஸ்டைல் படங்கள் அதிகமா வர ஆரம்பிச்சது 1930கள்ல. அதே 1930கள்லதான் அமெரிக்க அரசாங்கம் நவஹோ மக்களோட ஆடுகள லட்சக்கணக்குல கொறைச்சது, வாங்கி ஓட்டிட்டுப் போனது போக சில எடத்துல நின்ன எடத்துலயே சுட்டும் போட்டது. அத வச்சுப் பாத்தா இந்தப் படங்கள வெறும் கிராமிய அழகுன்னு சொல்லிட்டுப் போயிட முடியல. யார் வரைஞ்சாங்க, எங்க உக்காந்து வரைஞ்சாங்க, அப்ப அவங்க வீட்டுப் பட்டியில என்ன நடந்துட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சா அதே படம் வேற மாதிரி தெரியும், அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஆடு எப்படி வந்துச்சுன்னு பாத்துடுவோம். நவஹோ மக்கள் தங்கள தினேன்னு சொல்லிக்குவாங்க, அவங்க ஊர் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூணு மாநிலத்துலயும் பரவிக் கெடக்கு, சுமார் 70 ஆயிரம் சதுர கிலோமீட்டர், பாதி பாலைவனம், பாதி செம்பாறை, மேல மலைக்காடு. செம்மறி அங்க பூர்வீகமா இருந்த ஜீவன் இல்ல, 16ஆம் நூற்றாண்டு கடைசில ஸ்பானியர்கள் தெற்க இருந்து ஓட்டிட்டு வந்த சுர்ரோன்னு ஒரு ஜாதி, மெலிஞ்ச உடம்பு, நீட்ட முடி, எண்ணெய்ப்பசை கம்மி, தண்ணி இல்லாத காட்டுலயும் தாக்குப் பிடிக்கும், சில கிடாவுக்கு நாலு கொம்பு கூட இருக்கும். வியாபாரத்துலயும் கொள்ளைலயுமா நவஹோக்கள் கைக்கு வந்த இந்த ஆடு நூறு நூத்தம்பது வருஷத்துல அவங்க வாழ்க்கையவே மாத்திடுச்சு. கறி, பால், தோல், கம்பளி, கம்பளில இருந்து தறி, தறில இருந்து வியாபாரம். குழந்தை பொறந்தா தொப்புள்கொடிய ஆட்டுப்பட்டி பக்கத்துல பொதைக்கற வழக்கம் இருக்கு, கொழந்தை கால்நடையோட ஒட்டுதலா வளரணும்னு. ஆடுதான் வாழ்க்கைன்னு அவங்க இன்னைக்கும் சொல்றாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், மந்தைல பெரும் பங்கு பொம்பளைங்க கையில. நவஹோ சமூகம் தாய்வழிச் சமூகம், பொண்ணுக்குத் தாய் ஆடு கொடுப்பா, கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுப் பக்கம் வந்து குடியிருப்பான். ஆம்பளைங்களுக்கும் ஆடு உண்டு, குதிரையும் மாடும் அவங்க பக்கம் ஜாஸ்தி, ஆனா குடும்பத்து மந்தைய எப்ப மேல காட்டுக்கு ஓட்டணும், எத விக்கணும், எத வெட்டணும்னு முடிவு பண்றதுல பாட்டிக்குத்தான் பெரிய குரல். இத ஞாபகத்துல வச்சுக்கோங்க, ஓவியத்துக்கு வர்றப்ப வேணும்.

பேப்பரும் பிரஷ்ஷும் வர்றதுக்கு முன்னாடியே இவங்க கால்நடைய வரைஞ்சிருக்காங்க. அரிசோனால கேன்யன் டி ஷேன்னு செங்குத்தா செம்பாறைச் சுவர் நிக்கற ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, அதோட ஒரு கிளைல பாறைச் சுவத்துல நீலமும் வெள்ளையுமா ஒரு பசு மாடு வரைஞ்சிருக்கு, அந்த எடத்துக்கே நிக்கும் பசுன்னுதான் பேரு. அதே பள்ளத்தாக்குல ஸ்பானிய குதிரைப்படை வரிசையா வர்ற ஒரு படமும் இருக்கு, தொப்பி, நீள அங்கி, கையில ஆயுதம், 1805ல வந்து அங்க மறைஞ்சிருந்த மக்களக் கொன்னுட்டுப் போன படைன்னு சொல்றாங்க. கொஞ்சம் தள்ளி இன்னொரு எடத்துல மான் கூட்டம் ஓடற படம், அது 1830கள்ல ஒரு நவஹோ வரைஞ்சதுன்னு சொல்வாங்க, அவர் பேரு திபே யாஸி, அதாவது குட்டி ஆடு. மாடும் மானும் படையும் ஒரே பள்ளத்தாக்குல இருக்கு பாருங்க, அத கவனிச்சு வச்சுக்கோங்க, ஏன்னா நூறு வருஷம் கழிச்சு பேப்பர்ல வரைஞ்சப்ப ஆடு இருந்துச்சு, படையக் காணோம்.

படை வராம இல்ல. 1863ல கிட் கார்சன் தலைமைல அமெரிக்க ராணுவம் உள்ள புகுந்து சோளக்காட்ட எரிச்சு, கண்ணுல பட்ட ஆட்டயெல்லாம் கொன்னு, கேன்யன் டி ஷேல இருந்த பீச் மரங்களக் கூட வெட்டிப் போட்டாங்க. சாப்பாடு இல்லாம சரணடைஞ்சவங்கள 1864ல இருந்து கூட்டம் கூட்டமா நியூ மெக்சிகோ கிழக்குல இருந்த ஃபோர்ட் சம்னர் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க, 500 கிலோமீட்டருக்கு மேல, பனில, முடியாதவங்க வழிலயே செத்தாங்க. அங்க எட்டாயிரத்துக்கும் மேல ஜனம், உப்புத் தண்ணி, பூச்சி புடிச்ச பயிர், நோய். நாலு வருஷம் கழிச்சு 1868 ஜூன் 1ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்துல ஊருக்குத் திரும்ப விட்டாங்க, அந்த ஒப்பந்தத்துலயே 15,000 செம்மறியும் வெள்ளாடும் வாங்கித் தரணும்னு ஒரு வரி இருந்துச்சு. அடுத்த வருஷம் அத பங்கு போட்டப்ப ஆளுக்கு ரெண்டு ஆடு கணக்குலதான் கெடைச்சுது. பசி இருந்தும் அதுல கை வைக்காம பெருக்கினாங்கன்னு அந்தக் குடும்பங்கள்ல இன்னும் கதை சொல்றாங்க, பெருக்கவும் செஞ்சாங்க, அறுபது வருஷத்துல மந்தை பத்து லட்சத்தத் தொட்டுடுச்சு. ரயில் பாதை வந்துச்சு, ஊருக்கு ஊர் வெள்ளைக்கார வியாபாரி கடை போட்டான், வசந்த காலத்துல கம்பளி, இலையுதிர் காலத்துல ஆட்டுக்குட்டி, நடுவுல நெய்த விரிப்பு, இதக் கொடுத்து மாவு, காபி, சர்க்கரை, துணின்னு வாங்கிட்டு வர்ற பொருளாதாரம்.

இப்ப 1930களுக்கு வருவோம். நிலம் உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருந்துச்சு, அத மறைக்க வேண்டாம். புல் தேஞ்சு, மண் அரிச்சு, ஓடைங்க ஆழமான பள்ளமாகி, மழை பேஞ்சா சேறு அப்படியே சான் ஹுவான் ஆத்துலயும் லிட்டில் கொலராடோலயும் எறங்கும். அந்தப் பக்கம் கொலராடோ ஆத்துல ஹூவர் அணை எழும்பிட்டிருக்கு, இந்தச் சேறு போய் அணைல நெறைஞ்சா என்ன ஆகறதுன்னு வாஷிங்டன்ல பயம். 1933ல இந்தியர் விவகாரத்துறை (அங்க பூர்வகுடிகளத்தான் இந்தியர்னு சொல்வாங்க) கமிஷனரா வந்த ஜான் காலியர், பூர்வகுடிப் பண்பாட்ட மதிக்கணும்னு உண்மையாவே நம்பின மனுஷன், அவர்தான் ஆட்டக் கொறைங்கன்னு ஆரம்பிச்சார். வறட்சியும் மழை மாறினதும் ஒரு காரணம், சுத்தி இருந்த மேய்ச்சல் நெலத்த வெள்ளைக்காரப் பண்ணைக்காரங்க புடிச்சுக்கிட்டது ஒரு காரணம், ஆனா தீர்வு மட்டும் நவஹோ பட்டில இருந்து எடுக்கறதுன்னு முடிவாச்சு.

முதல்ல எல்லாரும் ஒரே சதவீதம் கொறைங்கன்னாங்க. பெரிய மந்தைக்காரன் கழிச்சுக் கட்ட வேண்டிய கெழட்டு ஆட்டக் கொடுத்துட்டுத் தப்பிச்சான், முப்பது நாப்பது ஆடு வச்சிருந்த கெழவிக்கு அது சாப்பாட்டுல கை வச்ச மாதிரி ஆச்சு. அடுத்தது வெள்ளாடு. அதிகாரிங்க கணக்குல வெள்ளாடு காசுக்குப் பிரயோஜனம் இல்லாத ஜீவன், வீட்ல அதுதான் பாலும் கறியும், அதக் கறந்தும் அறுத்தும் அன்னாடம் சாப்பிட்டுட்டு செம்மறிய விக்கறதுக்குப் பாதுகாப்பாங்க. ரயிலடி வரைக்கும் ஓட்டிட்டுப் போக முடியாத தூரத்துல வாங்கின ஆடுகள அங்கயே சுட்டாங்க, கறி அழுகி, எலும்பு வருஷக்கணக்குல கெடந்துச்சு. கறிய வீணாக்கறதே பாவம்னு நினைக்கற ஜனம், அதுவும் கண்ணு முன்னாடி. 1935ல காலியர் கொண்டு வந்த சுயாட்சிச் சட்டத்த ஏத்துக்கறதா வேணாமான்னு ஓட்டெடுப்பு வந்தப்ப நவஹோக்கள் சில நூறு ஓட்டு வித்தியாசத்துல தூக்கிப் போட்டாங்க, சட்டத்துல மேய்ச்சல் பத்தி ஒரு சின்னப் பிரிவுதான், ஆனா கோவம் ஆட்டுக் கோவம். அப்புறம் மேய்ச்சல் வட்டம்னு பிரிச்சு, இத்தனதான் மேய்க்கலாம்னு பர்மிட் போட்டு, ஒரு குதிரைன்னா அஞ்சு ஆட்டுக்குச் சமம், ஒரு மாடுன்னா நாலு ஆட்டுக்குச் சமம்னு யூனிட் கணக்கு வந்துச்சு. பர்மிட் பெரும்பாலும் குடும்பத் தலைவன்னு ஆம்பள பேர்ல எழுதினாங்க. அம்மாகிட்ட இருந்து மகளுக்குப் போயிட்டிருந்த சொத்து ஒரு காகிதத்துல தடம் மாறிடுச்சு.

இதே நேரத்துல நியூ மெக்சிகோ தலைநகர் சாண்டா ஃபேல என்ன நடக்குதுன்னு பாருங்க. அங்க பூர்வகுடிப் பிள்ளைங்களுக்கான போர்டிங் ஸ்கூல் ஒண்ணு. அதுக்கு முந்தின அம்பது வருஷமும் இந்த மாதிரி ஸ்கூலோட வேலை என்னன்னா புள்ளைய வீட்ல இருந்து பிரிச்சு, முடிய வெட்டி, தாய்மொழி பேசினா தண்டிச்சு, இந்தியன்ங்கற அடையாளத்தத் தொடைக்கறது. 1928ல வந்த ஒரு அரசு அறிக்கை இந்த ஸ்கூல்கள் எவ்ளோ மோசம்னு போட்டு ஒடைச்சதுல கொஞ்சம் காத்து மாறி, 1932ல டோரதி டன்னுங்கற டீச்சர் அங்க ஓவிய வகுப்பு ஆரம்பிச்சாங்க, அதத்தான் எல்லாரும் ஸ்டூடியோன்னு சொல்றாங்க. வந்த புள்ளைங்ககிட்ட அவங்க சொன்னது, உங்க ஊர்ல பாத்தத ஞாபகத்துல இருந்து வரைங்க. மாடல் வச்சு வரையறது இல்ல, பெர்ஸ்பெக்டிவ் இல்ல, வெளிச்சம் நிழல் இல்ல. தண்ணில கரைக்கற கெட்டியான கலர், ஒரு பகுதிக்கு ஒரு கலர், சுத்தி மெல்லிசா ஒரு கோடு. பாறை ஓவியம், பழைய பானை டிசைன் எல்லாம் காட்டி இதுதான் உங்க மரபுன்னாங்க.

இங்க ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. எதுவுமே உன்னுது நல்லதில்லன்னு சொல்லி வளத்த ஸ்கூல்ல ஒரு டீச்சர் வந்து உன் ஊரு அழகு, அத வரைன்னு சொல்றது சின்ன விஷயம் இல்ல. ஆனா நவஹோக்களுக்கு அந்தத் தட்டைப் பட ஸ்டைல் அப்படியே பாட்டன் சொத்துன்னு சொல்ல முடியாது, அந்த டீச்சர் பல எடத்துல இருந்து எடுத்துக் கோத்த ஒண்ணு அது. அங்க படிச்ச அப்பாச்சி பூர்வகுடிக் கலைஞர் ஆலன் ஹவுசர் பின்னாடி பெரிய சிற்பியா ஆனவர், அந்த வகுப்பு தன்னக் கட்டிப் போட்டுச்சுன்னு குறை சொன்னவர்தான். 1958ல டக்கோட்டா பூர்வகுடி ஓவியர் ஆஸ்கர் ஹவ் அனுப்பின படம் ஒரு போட்டில இது இந்திய மரபு இல்லன்னு தள்ளுபடி ஆச்சு, அவர் எழுதின காட்டமான கடிதத்துக்கு அப்புறம்தான் விதியே தளர்ந்துச்சு. இந்த மான், குதிரை, அழகான புல் எல்லாத்தயும் பாத்துட்டு கிண்டலா பாம்பி ஆர்ட்னு ஒரு பேரு கூட உண்டு, டிஸ்னி மான்குட்டி மாதிரி இருக்குன்னு.

என்னக் கேட்டா அந்தக் கிண்டல்ல பாதிதான் உண்மை. வரைஞ்சவங்க யாருன்னு பாருங்க. பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்க, வீட்ட விட்டு நூத்துக்கணக்கான மைல் தள்ளி டார்மிட்டரில தூங்கி எழுந்து மணி அடிச்சா வகுப்புக்குப் போறவங்க. அவங்க சின்ன வயசுல செஞ்ச ஒரே வேலை ஆடு மேய்க்கறது. ஊர்ல இருந்து வர்ற சேதி எல்லாம் இத்தன ஆடு எடுத்துட்டாங்க, இன்னாரப் புடிச்சு ஜெயில்ல போட்டாங்கன்னு. ஞாபகத்துல இருந்து வரைன்னு சொன்னா அவங்க என்ன வரைவாங்க? சடங்குல மணல்ல போடற ஓவியத்த அப்படியே பேப்பர்ல ஏத்தறதுன்னா பெரியவங்ககிட்ட சிக்கல், அது நோய் தீக்க வரைஞ்சு அன்னைக்கே அழிக்க வேண்டியது, கண்டபடி வரைஞ்சா ஆபத்துன்னு நம்பிக்கை. ஆடும் தறியும் குதிரையும் வரைஞ்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

ஹாரிசன் பெகே இதுக்கு நல்ல உதாரணம். அரிசோனால வைட் கோன்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவர், சின்ன வயசுல போர்டிங் ஸ்கூல்ல இருந்து ஓடி வந்து வருஷக்கணக்கா வீட்டு ஆட்ட மேய்ச்சுக்கிட்டே தானா படிச்சவர், அப்புறம் 1934ல ஸ்டூடியோவுக்கு வந்தார், 2012ல சாகற வரைக்கும் கிட்டத்தட்ட அதே ஸ்டைல்லயே வரைஞ்சார். அவர் படத்துல தறி முன்னாடி உக்காந்த பொம்பளைங்க இருப்பாங்க, ஒருத்தி கம்பளிய ரெண்டு சீப்புப் பலகைக்கு நடுவுல வச்சு சிக்கெடுப்பா, இன்னொருத்தி தொடை மேல நீளத் தக்ளிய உருட்டி நூல் நூப்பா, மூணாவது ஆள் தறில சீப்பால நூல இடிச்சு எறக்குவா, தொட்டில் பலகைல கட்டின கொழந்தை பக்கத்துல சாஞ்சிருக்கும், நடுவுல ஒரு ஆட்டுக்குட்டி காரணமே இல்லாம நிக்கும். ஆட்டு முடி விரிப்பா ஆகற வழில வர்ற வேலைங்க ஒரே படத்துல ஒண்ணு பக்கத்துல ஒண்ணா உக்காந்திருக்கு. விரல் எப்படி வளையுது, நூல் எந்தப் பக்கம் போகுது, தறிக்கட்டை எதுல கட்டியிருக்குன்னு எல்லாம் சரியா இருக்கும், பின்னால ஒண்ணுமே இருக்காது. பின்னணி இல்லாததுனாலதான் கண்ணு அந்தக் கையிலயே நிக்குது, எனக்கு அது குறையாவே தெரியல.

இரண்டாம் உலகப்போருக்குப் போயிட்டு வந்ததுக்கு அப்புறம் பெகே 1950களோட ஆரம்பத்துல ஸில்க் ஸ்க்ரீன் முறைல பிரிண்ட் போடற கம்பெனி ஒண்ணுல சேந்து தன் படங்கள மலிவா வித்தார். கெட்டிக் கலர், தெளிவான கோடு, அதனால ஸ்க்ரீன் பிரிண்டுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்திடுச்சு. அமெரிக்கா பூரா வீட்டுச் சுவர்ல அந்த ஆட்டு மந்தை தொங்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

குவின்சி டஹோமா வேற ரகம். ட்யூபா சிட்டி பக்கம் பொறந்தவர், அவர் குதிரை எல்லாம் தாவும், கால் தரைல இருக்காது, எருமை வேட்டைன்னா ரத்தமும் தூசியுமா இருக்கும். அவரோட குறும்பு கையெழுத்துல இருக்கு. பேரு எழுதற எடத்துல சின்னதா ஒரு கட்டம், அதுக்குள்ள குட்டியூண்டு படம், பெரும்பாலும் பெரிய படத்துல நடக்கறதுக்கு அடுத்து என்ன ஆகும்னு அதுல வரைஞ்சிருப்பார். மேல ஒருத்தன் குதிரைய அடக்கிட்டிருந்தா கீழ கையெழுத்துல குதிரை அவனக் கீழ தள்ளிட்டுப் போயிட்டிருக்கும். ஒரே ஒரு நொடியத்தான் காட்ட முடியும்ங்கற தட்டைப் படத்துக்குள்ள அவர் கதைய இப்படி நொழைச்சார். குடியால சின்ன வயசுலயே, 1956ல, போயிட்டார்.

ஆண்ட்ரூ சினாஜினி, நார்சிசோ அபெய்ட்டா ரெண்டு பேரும் கோட்ட விட்டு வெளிய பாஞ்சவங்க, அபெய்ட்டா படத்துல மிருகங்க முறுக்கிக்கிட்டு நீண்டு போகும், எந்த பாம்பியும் கெடையாது. வைட் ரூயின்ஸ்ங்கற ஊர்ல கடை வச்சிருந்த ஒரு தம்பதி ஒரு சின்னப் பையனுக்குக் கலர் டப்பா கொடுத்து அவன் பீட்டியன் யாஸ்னு பேர் வாங்கினது தனிக் கதை, அவன் ஸ்டூடியோ வாசன இல்லாமலே வரைய ஆரம்பிச்சவன். இவங்கள்ல சிலர் போர்ல நவஹோ மொழிலயே ரகசியச் செய்தி அனுப்பின கோட் டாக்கர் படைல இருந்தாங்க, ஸ்கூல்ல பேசினா அடி வாங்கின அதே மொழில.

படத்துல என்ன பாக்கணும்னு கொஞ்சம் சொல்றேன். தலைமுடிய பின்னால எட்டு மாதிரி மடிச்சு வெள்ளைக் கம்பளி நூலால கட்டியிருந்தா அது நவஹோ கொண்டை, ஆணுக்கும் உண்டு பொண்ணுக்கும் உண்டு, போர்டிங் ஸ்கூல்ல முதல்ல வெட்டினது அதத்தான். நீளப் பாவாடையும் வெல்வெட் சட்டையும் ஃபோர்ட் சம்னருக்கு அப்புறம் பரவின உடுப்பு, ஆக பாரம்பரியம்னு நாம பாக்கறது 1870லயிருந்து 1930 வரைக்கும் உள்ள அறுபது வருஷத்துப் பாரம்பரியம். ஹோகன்ங்கற நவஹோ வீடு தெரிஞ்சா வாசல் கெழக்கப் பாத்து இருக்கும். மந்தைல செம்மறிக்கு நடுவுல நாலஞ்சு வெள்ளாடு கண்டிப்பா கலந்திருக்கும், முன்னால வழி காட்டிட்டுப் போறது அதுதான். அதிகாரிங்க பிரயோஜனம் இல்லன்னு கழிச்சுக் கட்டினது எதுன்னு ஞாபகம் இருக்கா? படத்துல அதுக்கு ஒரு குறையும் இல்ல.

அப்புறம் அந்தப் பொம்பள. ஸ்டூடியோல நவஹோ ஓவியர்னு பேர் எடுத்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஆம்பளப் பசங்க, பொண்ணுங்கள்ல பேர் வாங்கினவங்க பெரும்பாலும் புவெப்லோங்கற வேற பூர்வகுடி ஊர்க்காரங்க. ஆனா இந்தப் பசங்க வரைஞ்சது யார? ஆட்டோட நிக்கறவ, தறில உக்காந்தவ, குதிரை மேல போறவ. பர்மிட் காகிதம் ஆம்பள பேருக்கு மாறிட்டிருந்த வருஷங்கள்ல ஓவியத்துல மந்தைக்குச் சொந்தக்காரி இன்னும் அவதான். பசங்க இத அரசியலா நினைச்சு வரைஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல, அம்மாவையும் பாட்டியையும் வரைஞ்சாங்க, அவ்ளோதான். ஆனா விளைவு அப்படி நிக்குது.

என்ன இல்லங்கறதும் முக்கியம். பிக்கப் ட்ரக் இல்ல, கம்பி வேலி இல்ல, வியாபாரி கடை இல்ல, கணக்கெடுக்க வர்ற அதிகாரி இல்ல, சுட்டுப் போட்ட ஆடு இல்லவே இல்ல. இதுக்கு வாங்கறவனும் ஒரு காரணம். ரயில்லயும் அப்புறம் ரூட் 66 நெடுஞ்சாலைல கார்லயும் வந்த டூரிஸ்டுக்கு அழுகின வெள்ளாட்ட யாரு விக்க முடியும்? அவன் தேடி வந்தது நிம்மதிய, அதுதான் வித்துச்சு. இன்னும் வேடிக்கை என்னன்னா பூர்வகுடிக் கலைய ஊக்குவிக்க 1935ல தனி போர்டு அமைச்சது அதே காலியர் நிர்வாகம். ஆட்டுப் படத்துக்கு ஆதரவு, ஆட்டுக்குத் தோட்டா. இதுல சதி எல்லாம் எதுவும் இல்ல, ஆனா ஒரே ஆபீஸ்ல ரெண்டு ஃபைலும் ஓடிட்டிருந்துச்சு.

1962ல ஸ்டூடியோவுக்குப் பதிலா அமெரிக்க இந்தியக் கலைகளுக்கான இன்ஸ்டிட்யூட் வந்ததும் இந்தத் தட்டை ஸ்டைல் பழசாயிடுச்சு. நவஹோ ஓவியர் ஆர்.சி. கோர்மன் மெக்சிகோ போய் டியேகோ ரிவேராங்கற அந்த ஊர் ஓவியரோட சுவரோவியங்கள எல்லாம் பாத்துட்டு வந்து, கம்பளி போத்திக்கிட்டு மலை மாதிரி உக்காந்திருக்கற நவஹோ பொம்பளைங்கள ரெண்டே கோட்டுல போட்டு உலகப் பேர் வாங்கினார். அவரும் பாட்டி கிட்ட வளந்து கேன்யன் டி ஷேல ஆடு மேய்ச்சவர், ஆனா படத்துல ஆடு போயிடுச்சு, பாட்டி மட்டும் மிச்சம். 1954ல பொறந்த ஷோண்டோ பெகே இன்னொரு பக்கம் போனார், ஹாரிசன் பெகேக்குச் சொந்தக்காரர்னு நினைச்சுடாதீங்க, பெகேங்கற பேரு அங்க தடுக்கி விழுந்தா ஒருத்தர் இருப்பார். இவர் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி பிரஷ் கீத்தால வானத்தயும் மண்ணயும் நெறைப்பார், பழைய ஸ்டைல்ல காலியா விட்ட எடமெல்லாம் இவர் படத்துல துடிச்சுக்கிட்டிருக்கும், ரிசர்வேஷன்னு நவஹோ மக்களுக்கு ஒதுக்கின நெலத்தோட இன்னைக்கு வாழ்க்கையும் அதுல வந்துடும். அந்தப் பக்கம் பொம்பளைங்க தறிலயே படம் போடறாங்க, விரிப்பு பூரா ஹோகன், மாடு, செம்மறி, ட்ரக், அது பேப்பர் ஓவியத்துக்கும் மூத்த வழக்கம், அதுல பொம்பளைங்கதான் ஓவியர்.

சுர்ரோ ஆடு என்ன ஆச்சுன்னா, 1930கள்ல ஃபோர்ட் விங்கேட்ல அரசாங்கம் செம்மறி ஆராய்ச்சிக்கூடம் போட்டு கறியும் முடியும் கூடுதலா தர்ற கலப்பு ஜாதிய உண்டாக்கப் பாத்துச்சு, கூடவே ஆட்டக் கொறைச்சதும் சேந்து 1970கள்ல பழைய ஜாதி சில நூறுதான் மிஞ்சிச்சு. 1977ல லைல் மெக்நீல்னு ஒரு கால்நடை விஞ்ஞானி ஒதுக்குப்புறமான குடும்பங்கள்ல தேடி எடுத்து இனப்பெருக்கம் பண்ண ஆரம்பிச்சார், இன்னைக்கு ஆயிரக்கணக்குல இருக்கு, நெசவாளிங்க அந்த முடியத்தான் தேடி வாங்கறாங்க.

கடைசியா ஜெரால்ட் நெய்லர், ஏன்னா இவரோட வேலைலதான் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ வந்து சேருது. நவஹோ தலைநகர் விண்டோ ராக்ல கவுன்சில் மண்டபம் ஒண்ணு இருக்கு, காலியர் காலத்துல செவப்பு மணற்கல்லால பெரிய எண்கோண ஹோகன் மாதிரி கட்டினது. உள்ள சுவர் சுத்தி நெய்லர் 1942லயும் 1943லயுமா நவஹோ மக்களோட சரித்திரத்த வரைஞ்சார், ஃபோர்ட் சம்னர் நாட்கள், ஆடு, தறி, வயல், ஸ்கூல்னு ஸ்டூடியோல கத்துக்கிட்ட அதே கோட்டுல, ஆனா சுவர் அளவுக்கு. ஆடு கொறைப்பு பத்தி அடிதடி நெலமைக்கு விவாதம் நடந்தது அந்தக் கவுன்சில்லதான், வெளிய பர்மிட் யூனிட் கணக்கு ஓடிட்டிருந்தப்பதான் உள்ள பெயின்ட் காஞ்சுட்டிருந்துச்சு. நெய்லர் 1952லயே, முப்பத்தஞ்சு வயசுல இறந்துட்டார். கவுன்சில் இன்னும் அங்கதான் கூடுது, 24 பேர். மேய்ச்சல் பர்மிட்டும் இன்னும் அமல்லதான் இருக்கு, பாட்டி போனதுக்கு அப்புறம் அந்தக் காகிதம் யாருக்குப் போகும்னு அண்ணன் தங்கச்சிக்குள்ள கோர்ட் கேஸ் கூட நடக்குது, மந்தைல பத்து ஆடு கூட இல்லாத வீட்லயும்.